இரும்புக் கனம்

பட்டாளத்து வண்டியை வெட்டுவதென்றால் முதலில் அதன் தோலை உரிக்க வேண்டும். பெயிண்டின் மேலேயே கேஸ் நெருப்பை வைத்தால் அது இரும்பை அறுப்பதற்கு முன்னால் அறுக்கிறவன் நெஞ்சை அறுத்துவிடும். மஞ்சளாகப் புகை கிளம்பும், நாக்கில் அசட்டு இனிப்பாக ஒரு ருசி ஒட்டும், பொழுது சாயும்போது காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போடும். ஆகவே இரும்பை வெட்டுகிற கட்டர் சாக்பீஸால் கோடு இழுத்த இடத்திலெல்லாம் நாலு விரல் அகலத்துக்குச் சுரண்டி, வெறும் இரும்பைக் காட்டிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளை எல்லாரும் சுரண்டியம்மா என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். அவள் புருஷன்தான் கட்டர். "எங்க வீட்டுல அவரு வெட்டுவாரு, நான் சுரண்டுவேன். மத்த வீட்டுல ரெண்டையும் மாமியாரே பாத்துக்குவாங்க" என்று சொல்லி அவளே முதலில் சிரிப்பாள். அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு காலம். இப்போது அந்த வாய் தூசிக்குப் பயந்து பாதி நாள் துணிக்கட்டுக்குள் கிடந்தது. துணியை அவிழ்த்த பிறகும் பெரிதாகத் திறக்கவில்லை.

சண்டை ஓய்ந்ததும் இரண்டு பட்டாளமும் போட்டது போட்டபடி விட்டுப்போன வண்டிகளை இழுத்துவந்து வரிசையாக நிறுத்திய பொட்டல்வெளி அது. களம் என்பார்கள். லாரி, ஜீப், கவச வண்டி, சங்கிலியில் ஓடுகிற பீரங்கி வண்டி எல்லாம் கலந்து கிடக்கும். இவற்றின் உறுமல் கேட்டால் பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திய அதே ஜனம், இப்போது ரேடியேட்டரைக் காலால் எத்திப் பார்த்து "அலுமினியமா, செம்பா?" என்று விசாரித்தது. யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வரத்தானே வேண்டும்.

வெயில் ஏறிவிட்டால் இரும்பில் கை வைக்க முடியாது. அதனால் விடிந்ததும் தொடங்கி, வெயில் சுட ஆரம்பித்தால் வேலையை விட்டு, தார்ப்பாய் நிழலில் ஒண்டிக் கிடந்து, வெயில் தணிந்ததும் மறுபடி தொடங்குவார்கள். ஒவ்வொரு வண்டியிலும் நெருப்பு வைக்குமுன் கட்டர் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பார். பாம்பு இருந்தால் ஓடட்டும் என்று வைத்துக்கொண்ட வழக்கம். பாம்பு இருந்ததைவிட எலும்பு இருந்ததுதான் அதிகம். எலும்பு கிடைத்தால் சாக்கில் கட்டி, வேலியோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அன்றைக்கு அந்த வரிசையில் யாரும் வேலை செய்வதில்லை. எந்தப் பட்டாளத்தான் என்று பார்ப்பதும் இல்லை.

சுரண்டியம்மாவின் கை வேகமான கை. பனித்துளி காய்வதற்குள் ஒரு லாரியை உரித்துவிடுவாள். கவச வண்டியின் டிரைவர் கதவுக்கு வந்தால் மட்டும் அந்தக் கை நொண்டும். கதவுக் கீலில் சாக்பீஸ் கோடே இருக்காது. கீலுக்குள் இருக்கும் ஊசியைத் தட்டினால் கதவு தானாகக் கழன்று வரும், அங்கே வெட்டவேண்டிய அவசியமே கிடையாது. ஆனாலும் அவள் தண்ணீர் தொட்டுத் தொட்டு, அடுக்கடுக்காக, கீலைச் சுற்றி அடிவரைக்கும் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

எல்லாம் அவள் பையனுக்காக. ஒரே பையன். கவச வண்டி ஓட்டினான். கடைசித் தடவை வந்தபோது வண்டியோடேயே வந்து தெருவை அடைத்துக்கொண்டு நிறுத்தினான். கீல் விட்டுப்போய் டிரைவர் கதவு தொங்கிக்கொண்டிருந்தது.

"பட்டறைக்குப் போனா இழுத்தடிப்பானுங்கப்பா. நீங்களே பத்த வச்சிடுங்க" என்றான்.

கட்டருக்கு வெட்டத்தான் தெரியும், ஒட்டத் தெரியாது. பிள்ளை கேட்டுவிட்டானே என்று கம்பியை உருக்கி உருக்கி வைத்தார். அது உருண்டை உருண்டையாக, கோணல்மாணலாக விழுந்து இறுகியது. பையன் தடவிப் பார்த்தான்.

"அப்பா, இது வெல்டிங்கா, கோழி எச்சமா?"

தெருவே சிரித்தது. வாசலில் நின்ற மருமகள், "நல்ல கோழி இல்லைங்க, வயித்தால போற கோழி" என்று வேறு எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமாகி அவளுக்கு ஒரு மழைக்காலம்கூட முழுசாக முடியவில்லை. மறுநாள் விடியலில் அவன் கிளம்பிப் போனான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை திரும்பியது, அவனோடு போன வண்டிகளில் ஒன்றும் வரவில்லை. பட்டாளத்து ஆபீஸில் கேட்டதற்குக் காணவில்லை என்றார்கள். செத்தான் என்று சொன்னால் அழுது முடிக்கலாம். இருக்கிறான் என்று சொன்னால் தேடிப் போகலாம். காணவில்லை என்பதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்?

கட்டரும் அவளும் களத்து வேலைக்கு வந்தார்கள். கூலிக்கு வந்ததாகத்தான் கட்டர் சொல்லிக்கொண்டார். அவளுக்கு அந்தக் கோழி எச்சம் வேண்டும். வண்டிகள் கைமாறும்போது நிறமும் மாறும் என்று வேலையில் புரிந்துகொண்டாள். நம் ஆட்களுடையது பச்சை. எதிராளிகள் பிடித்துக்கொண்டால் மேலே சாம்பல் அடிப்பார்கள். திரும்பப் பிடித்தால் மறுபடி பச்சை. அதனால் மேல்தோலை நம்பிப் பிரயோசனமில்லை. எத்தனை பெயிண்ட் அடித்தாலும் உருண்டை மறையாது என்று நம்பி, வரிசை வரிசையாகச் சுரண்டிக்கொண்டு வந்தாள்.

மருமகளுக்குக் களத்து வாசலில் தராசுக் கொட்டகையில் வேலை. இரும்பு ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம் பிரித்து எடை போடுவாள். எடை போடுவது என்று பேர், தராசு பேருக்குத்தான். பொருளைக் கையில் தூக்கி, ஒரு சாய்ப்புச் சாய்த்துப் பார்த்தாலே என்ன உலோகம், எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவாள். சில பேர் தகர டின்னுக்குள் மண்ணை அடைத்து நசுக்கிக் கொண்டுவருவார்கள். "அண்ணே, உங்க டின்னு கர்ப்பமா இருக்கு. பிரசவம் பாத்துட்டுக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். தராசு முள் அவள் கைக்குள்ளேயே இருக்கிறது என்பார்கள். ஒருமுறை யாரோ ஒருவருடைய எலும்புச் சாக்கைக் குழி தோண்டும்வரை கொட்டகையில் வைத்திருந்தார்கள். வழியை மறிக்கிறதே என்று அதை நகர்த்தி வைத்தவள், வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே நின்றாள்.

"ஒரு ஆளு இவ்வளவு லேசா ஆயிடுவானா அத்தை?" என்று கேட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

அந்தக் கொட்டகைமேல் தகரக் கூரை. உச்சி வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் வெந்துபோகும். கொஞ்ச நாளாகக் கிரேன் டிரைவர் சாப்பாட்டு நேரத்தில் கிரேனைக் கொண்டுவந்து, அதன் நிழல் சரியாகக் கொட்டகைமேல் விழுகிற மாதிரி நிறுத்திவிட்டு, தான் மட்டும் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். களத்தில் இருந்த கண்கள் குருட்டுக் கண்களா? முதலாளி முதற்கொண்டு எல்லாரும் பார்த்தார்கள். சுரண்டியம்மாவும் பார்த்தாள். நிழல் விழுந்தது கொட்டகைமேல், எரிந்தது இவள் வயிறு.

ஒருநாள் அவன் தார்ப்பாய்க்கே வந்து, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"பெரியம்மா, இந்தக் களம் முடியப்போகுது. கிரேனை அடுத்த களத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. தூரம்."

"போயிட்டு வாப்பா."

"அது இல்ல. உங்க மருமகளைக் கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"அத்தை சொன்னா வரேன், சொல்லலைன்னா இல்லைன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை."

கட்டர் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அவள் தூக்குவாளியை மூடினாள்.

"கடைசி வரிசை பாக்கி இருக்குப்பா. முடியட்டும், பேசலாம்."

சாயங்காலம் வீட்டில் மருமகள் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஒற்றை அறை வீடு. லாரியின் பக்கத் தகடுதான் கூரை, மழை பெய்தால் பேசுவது கேட்காது. ஆணியில் பையனின் சட்டை ஒன்று தொங்கியது. மருமகள் அதை மாதாமாதம் துவைத்து அதே ஆணியில் மாட்டுவாள்.

"உனக்கு அவனைப் புடிச்சிருக்கா?" என்று சுரண்டியம்மா நேராகவே கேட்டாள்.

"அடுப்பு எரிய மாட்டேங்குது அத்தை. விறகு ஈரம்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

மருமகள் ஊதுவதை நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர். புகையாகவும் இருக்கலாம். "புடிச்சிருக்கு. ஆனா அவரு இருக்காரா இல்லையான்னு தெரியாம நான் எப்படி அத்தை போவேன்? ஒருநாள் வந்து இந்தக் கதவைத் தட்டினா? நீங்க சொல்லுங்க. இருக்கார்னு சொல்லுங்க, கிழவியாகிற வரைக்கும் இந்த அடுப்பை ஊதிக்கிட்டே இருக்கேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"வண்டி கிடைக்கட்டும்மா. வண்டியைப் பாத்த அன்னிக்கு என் வாயால சொல்றேன்."

இதையேதான் அவள் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். சொல்லும்போதெல்லாம் தன் நெஞ்சுக்குள் இருந்த கள்ளம் அவளுக்குத் தெரியும். வண்டி கிடைக்காமலே போனால் நல்லது. இவள் சட்டையைத் துவைத்து மாட்டுகிற வரைக்கும் அவன் வெளியூர் போயிருக்கிறான் என்று பேர். இவளும் போய்விட்டால், காத்திருக்க ஒரு கிழவி மட்டும்தான் மிச்சம். ஒரு கிழவி காத்திருப்பதை யார் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்? அதற்கு ஊரில் பைத்தியம் என்றுதான் பேர் வைப்பார்கள்.

கடைசி வரிசையில் கடைசிக்கு முந்தின வண்டி சாம்பல் நிறக் கவச வண்டி. டயர் மட்கித் தரையோடு உட்கார்ந்திருந்தது. கட்டர் மூன்று தட்டுத் தட்டினார். ஒன்றும் ஓடவில்லை. கோடு போட்டுவிட்டுச் சிலிண்டரை உருட்டி வரப் போனார். சுரண்டியம்மா கோடுகளை முடித்துவிட்டுக் கதவுக்கு வந்தாள். சாம்பல் உரிந்தது. கீழே அடிப்பூச்சாக ஒரு பழுப்பு அடுக்கு. அதற்கும் கீழே பச்சை. பச்சைக்குள் சுரண்டியின் முனை எதிலோ தடுக்கியது.

சுரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் தடவினாள். ஒரு உருண்டை. அதை ஒட்டி இன்னொன்று. கோணலாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. கம்பித் தூரிகையால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள். உலகத்தில் வேறு எந்த மனுஷனும் அப்படி ஒட்டியிருக்க முடியாது.

சிலிண்டரோடு வந்த கட்டர் அவள் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்ன, வெயில் தாக்கிடுச்சா?" என்றார். அவள் கையைக் காட்டினாள். அவர் குனிந்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

பிறகு இரண்டு பேரும் உள்ளே ஏறினார்கள். உள்ளே ஒன்றுமில்லை. எலும்பு இல்லை, துணி இல்லை, குண்டு துளைத்த ஓட்டை இல்லை, கருகின இடம் இல்லை. டிரைவர் சீட்டை மாற்றியிருந்தார்கள். மீட்டருக்குப் பக்கத்தில் எதிராளிகள் பாஷையில் என்னவோ எழுதியிருந்தது. பிடித்துக்கொண்டு போய், பெயிண்ட் அடித்து, நன்றாக ஓட்டியிருக்கிறார்கள்.

"கதவு உடையலைங்க" என்றாள் அவள். குரல் உயர்ந்தது. "பாருங்க, கொண்டி நல்லா இருக்கு. யாரும் நெம்பலை. அவனே தொறந்துதான் எறங்கியிருக்கான். எறங்கியிருக்காங்க என் புள்ள!"

"எறங்கினவன் எங்க போனான்?"

"புடிச்சு வச்சிருப்பாங்க."

"புடிச்சவங்களை எல்லாம் விட்டுட்டாங்கன்னு சொல்லி எவ்வளவு காலமாச்சு?"

"எங்கயாச்சும் இருப்பான். அடிபட்டு நெனப்பு தப்பி, எந்த ஊர்லயாச்சும்..."

"இருக்கலாம்" என்றார் கட்டர். "எறங்கின எடத்துலயே சுட்டும் போட்டிருக்கலாம். எனக்குத் தெரியலை. நீ அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்லப்போறே? வண்டி கிடைச்சா சொல்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கே."

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்கண்ணாடி இல்லாத ஓட்டை வழியாகப் பார்த்தாள். தூரத்தில் தராசுக் கொட்டகை தெரிந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் கிரேன் மெதுவாக ஊர்ந்து வந்து நின்றது. நிழல் கொட்டகைமேல் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு, ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வெளியே வெயிலில் இருந்தவன் பக்கம் தள்ளிவிட்டு, உடனே உள்ளே போய்விட்டது.

உண்மையைச் சொன்னால் அந்தக் கை அதற்குப் பிறகு வெளியே வராது என்று அவளுக்குத் தெரிந்தது. கதவு உடையவில்லை, அவனே இறங்கினான் என்று கேட்டுவிட்டால் மருமகள் போகமாட்டாள். இன்னும் நல்லபடியாகச் சட்டை துவைப்பாள். துவைத்துத் துவைத்துச் சட்டை கிழியும், அவளும் கிழிந்துபோவாள். தான் பெற்ற பிள்ளைக்காகத் தான் காத்திருப்பது சரி. இன்னொருத்தி பெற்ற பெண்ணின் வயதையும் சேர்த்து விழுங்கினால் அது எந்த ஊர் நியாயம்?

"உள்ள இருந்தான்னு சொல்லிடலாம்" என்றாள்.

கட்டருக்குப் புரியவில்லை.

"எலும்பு கிடைச்சுதுன்னு சொல்லிடலாங்க."

"உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? இத்தனை நாளா ஒரு ஆளை அவன் செத்துட்டான்னு சொல்ல விட்டிருக்கியா நீ? என்னை அடிக்க வந்தவடி நீ! இப்ப அவன் இருக்கலாம்னு கொஞ்சம் வெளிச்சம் தெரியுறப்ப, பெத்தவ வாயாலயே..."

"பெத்தவ சொன்னாத்தான் அவ நம்புவா."

"நாளைக்கே அவன் வந்து நின்னா?"

"வந்தா என்னை வெட்டிப்போடட்டும். வரட்டுங்க, வந்தாப் போதும்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாயில் கட்டியிருந்த துணியையே பல்லால் கடித்துக்கொண்டு அழுதாள். கட்டர் அவள் முதுகில் கை வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியின் பின்பக்கம் ஒரு குண்டுப்பெட்டி காலியாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டார். மூடியைச் சுற்றிப் பத்தவைத்து ஒட்டிவிட்டால் யாரும் திறந்து பார்க்க முடியாது. வெறும் பெட்டி தூக்கினால் தெரிந்துவிடும், உள்ளே எதையாவது வைக்க வேண்டும் என்றார். அடுத்தவர் எலும்பைத் தோண்டிவந்து வைக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் கட்டர் நெருப்பைப் பற்றவைத்து, கதவுக் கீலை அந்தக் கோழி எச்சத்தோடு தனியாக அறுத்தெடுத்தார். ஆறினதும் அவள் அதைத் தன் வாய்த்துணியில் சுற்றி, ஆடாமல் இருக்கச் சாக்கைத் திணித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவன் கை பட்டது என்று நிச்சயமாகத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். கட்டர் கம்பியை உருக்கி மூடியைச் சுற்றி ஒட்டினார். இந்தத் தடவையும் உருண்டை உருண்டையாகத்தான் விழுந்தது.

செய்தி களம் முழுக்கப் பரவியது. அங்கங்கே சுத்தியல் சத்தம் நின்றது. முதலாளி தொப்பியை எடுத்துவிட்டு நின்றார். மருமகள் கொட்டகையிலிருந்து ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். மூடியின் ஓரத்து ஒட்டுகளைப் பார்த்தாள்.

"உள்ளதான் இருந்தாரா அத்தை?"

"ஆமாம்மா."

"நீங்க பாத்தீங்களா?"

"நான்தான் எடுத்தேன், என் கையால" என்றாள் சுரண்டியம்மா. "அவன் இல்லைம்மா. போயிட்டான். நீ இனிமே காத்திருக்க வேணாம்."

சொல்லி முடித்ததும் நாக்கில் அந்தப் பெயிண்ட் புகையின் இனிப்பு தட்டியது போல் இருந்தது. கட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் பெட்டியைத் தூக்க முன்னால் வந்தார்கள்.

"நான் தூக்குறேன்" என்றாள் மருமகள்.

"வேணாம்மா, நாங்க..." என்று கட்டர் பதறிப்போய்க் கையை நீட்டினார். அதற்குள் அவள் குனிந்து இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அப்போதுதான் சுரண்டியம்மாவுக்கு உறைத்தது. எதை எதையோ யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. அந்தக் கை யாருடைய கை என்பதை மறந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

பெட்டி நெஞ்சளவுக்கு உயர்ந்தது. பழக்க தோஷம், மருமகளின் கை தன்னாலே அதை லேசாக ஒரு சாய்ப்புச் சாய்த்தது. கனம் முழுக்க ஒரே கட்டியாக ஒரு ஓரத்தில் கையில் தட்டுப்பட்டது. அவள் அசையாமல் நின்றாள். முகத்தில் இருந்த அழுகைகூட அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. தலையை மெதுவாகத் திருப்பி அத்தையைப் பார்த்தாள். அத்தையின் பல்லில் இன்னும் துணிநூல் ஒட்டியிருந்தது. கண் மூடாமல், கும்பிடாத குறையாக, அவள் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று மருமகள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, களமே அதிரும்படி ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே வேலிவரைக்கும் தானே சுமந்து போனாள். யாரையும் தொடவிடவில்லை. கிரேன் டிரைவர் கிரேனின் கையைத் தரைவரைக்கும் தாழ்த்தி நிறுத்திவிட்டு, தூரமாகவே நின்றான்.

கிரேன் கிளம்புகிற அன்று அவள் சின்ன மூட்டை ஒன்றோடு வாசலில் நின்றாள். பையனின் சட்டையைத் துவைத்து, காயவைத்து, ஆணியிலேயே மாட்டியிருந்தாள். கட்டர் அவள் தலையில் கை வைத்துவிட்டுக் களத்துக்குப் போய்விட்டார். கடைசி வண்டி பாக்கி இருந்தது. தெருமுனையில் கிரேன் உறுமிக்கொண்டு நின்றது.

"அந்தச் சட்டையை மழை நாள்ல துவைக்காதீங்க அத்தை. நாத்தம் வந்துடும்."

"சரிம்மா."

"மாமாவை வாய்க்குத் துணி கட்டாம வெட்ட விடாதீங்க."

"சரிம்மா. நேரமாச்சு, கிளம்பு."

அவள் இரண்டடி போனாள். திரும்பி வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுரண்டியே பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையை, ஏதோ பொருளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அத்தை, ஒருவேளை அவரு வந்தாருன்னா, அந்தப் பெட்டியை நான் தூக்கிப் பாக்கவே இல்லைன்னு சொல்லிடுங்க."

"சொல்றேன் கண்ணு" என்றாள் சுரண்டியம்மா.